சிந்தசைசர் வாங்கப்போகிறவர்

உலகத்தில் சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் நிம்மதியாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், முதல் கூட்டத்துக்கு ஆலோசனையும் இரண்டாவது கூட்டத்துக்கு விளக்கமும் கொடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு தனி இனம் நடமாடிக்கொண்டிருக்கிறது. வாங்கப்போகிறவர் என்பது அதன் பெயர். வாங்கியவர் அல்ல. வாங்காதவரும் அல்ல. போகிறவர். போய்க்கொண்டே இருப்பவர்.

அவரைப் பணமில்லாதவர் என்று நினைத்து இரக்கப்பட்டுவிடாதீர்கள். பணம் எடுத்து வைத்தாகிவிட்டது. கஞ்சன் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியை வைக்கப்போகும் மேசைக்கே தாராளமாகச் செலவழித்திருக்கிறார். ஆசை இல்லையோ? ஆசைதான் ஆளையே அரித்துக்கொண்டிருக்கிறது. சோம்பேறியோ? ஐயோ, அவரைப்போல் உழைக்கிறவர் கிடையாது. படிக்கிறார், பார்க்கிறார், கேட்கிறார், விசாரிக்கிறார், ஒப்பிடுகிறார், ஒப்பிட்டதை இன்னொரு தடவை ஒப்பிடுகிறார். அப்புறம் என்னதான் கோளாறு? ஒரு கோளாறும் இல்லை. அவர் சரியானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான்.

சிந்தசைசர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்காக, எனக்கு விளக்கப்பட்டதில் எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். சாதாரண கீபோர்டில் சத்தமெல்லாம் தயாராக உள்ளே இருக்கும்; புல்லாங்குழல் என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல் மாதிரி ஒன்று வரும். சிந்தசைசரில் அப்படி இல்லை. மின்சாரத்தைப் பிடித்து, குமிழ்களைத் திருகி, இழுத்து, வடிகட்டி, நமக்கு வேண்டிய சத்தத்தை நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, வாங்கிய பிறகும் தேர்ந்தெடுக்கும் வேலை முடியாத ஒரே வாத்தியம் அது. இந்த இனம் ஏன் அதைச் சுற்றியே மொய்க்கிறது என்று இப்போது புரிகிறதா?

நான் நெருக்கமாகக் கவனிக்க வாய்த்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே செய்வார். இருட்டறையில் நம்மை உட்காரவைத்து, மூக்கின்மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். நம்மைப் போன்றவர்கள் திணறுவோம். "ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு..." என்று இழுப்போம். அப்போது அவர் தோளில் தட்டிச் சொல்லுவார்: "ரொம்ப யோசிக்காதீங்க. முதல்ல எது தோணுதோ அதுதான் சரி. யோசிக்க யோசிக்கக் கண்ணு ஏமாத்தும்."

நான் இதை எழுதும்போது அணிந்திருக்கும் கண்ணாடி அப்படித் தேர்ந்தெடுத்ததுதான். நன்றாகத்தான் தெரிகிறது.

ஆரம்பத்தில் அவர் இந்த இனத்தைச் சேர்ந்தவரே அல்ல. நல்ல மனிதராக, வீட்டில் ஒரு பழைய கீபோர்டு வைத்துக்கொண்டு, சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னால் ஒரு பாட்டு வாசிக்கிறவராக இருந்தார். அந்தக் கீபோர்டில் ஒரு கட்டை செத்துப்போயிருந்தது. அழுத்தினால் டொக் என்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். அதனால் அந்த இடம் வரும்போது அவர் விரல் தானாகத் தாண்டிக் குதித்துவிடும். அந்தக் குதிப்பே அவர் மெட்டுகளுக்கு ஒரு தனி நடையைக் கொடுத்திருந்தது; பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று ஒரு சொல்லை விழுங்கிவிட்டு மேலே பேசுவதுபோல் இருக்கும். ஆள் உண்மையிலேயே கெட்டிக்காரர். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது நாங்கள் முணுமுணுப்பதெல்லாம் அவர் போட்ட மெட்டுகள்தான்.

அவர் மனைவி ஒரு பஸ் கம்பெனியில், பயணிகள் மறந்துவிட்டுப்போகும் பொருட்களைப் பாதுகாத்துத் திருப்பிக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். குடை, டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை ஒரு முழுக் கதவு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, அந்த அம்மாள் நாடகம் எழுதுவார். எங்கள் கட்டடத்துக்காரர்களையும் அலுவலகத் தோழிகளையும் சேர்த்து, வருஷத்துக்கு ஒன்று மேடையேற்றுவார். நானும் நடிக்கிறேன். பிணமாக நடித்ததற்கு மட்டும் இதுவரை பாராட்டுக் கிடைத்திருக்கிறது. எல்லா நாடகத்துக்கும் இசை, வீட்டுக்காரர்தான். மனைவி எழுதுவார், கணவர் வாசிப்பார். ஒருவர் முடிக்கும் இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். பார்க்கவே நன்றாக இருக்கும்.

இப்படி இருந்த குடும்பத்தில், ஒரு நாடகம் முடிந்த பிறகு, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மைக்செட்காரர் வயர் சுற்றிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"மெட்டு சூப்பர் சார். சவுண்டுதான் கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கு. நல்ல சிந்தசைசர் ஒண்ணு போட்டீங்கன்னா வேற லெவல்ல போயிடும்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வயரோடு போய்விட்டார். பொம்மை என்ற அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் கண்ணாடிக்கடைக்காரர் கீபோர்டின் முன் உட்கார்ந்தார், ஒரு கட்டையை அழுத்தினார், தலையைச் சாய்த்துக் கேட்டார், எழுந்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது.

சில மாதங்களில் களத்தில் மூன்று மெஷின்கள் நின்றன. முதலாவது, உடம்பெல்லாம் குமிழாக இருக்கும் ஒரு முரட்டு ஆசாமி. சத்தம் கனமாக, வெதுவெதுப்பாக இருக்குமாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்க முடியும். இரண்டாவது, எத்தனை கட்டையை அழுத்தினாலும் அத்தனைக்கும் பதில் சொல்லும், ஆயிரம் சத்தம் உள்ளே வைத்திருக்கும்; ஆனால் எதை எடுக்க வேண்டுமென்றாலும் தீப்பெட்டி அளவுத் திரைக்குள் தலையை விட்டுத் தேட வேண்டும். மூன்றாவது சின்னது, நாம் ஒரு தடவை வாசித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும், ஆனால் கட்டைகள் குழந்தை விரலுக்குச் செய்த மாதிரி இருக்கும். முதலாவதை வாங்கலாம் என்றால் இரண்டாவதின் வசதி கண்ணில் நிற்கும். இரண்டாவது என்றால் முதலாவதின் குரல் காதில் நிற்கும். மூன்றாவதைப் பற்றி, "அது இடத்தை அடைக்காது பாருங்க" என்று அவர் சொல்லும்போது, இன்னொன்றோடு அதையும் சேர்த்து வாங்கிவிடும் உள்நோக்கம் இருப்பது போலவே எனக்குப் படும்.

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது.

"இன்னும் முடிவு பண்ணலை சார். ஆனா கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன்."

"எது?"

"ரெண்டுல ஒண்ணு."

"மூணு இருந்ததே?"

"அந்த மூணாவதை இன்னும் விட்டுடலை."

இந்த இனத்துக்கென்று சில வசனங்கள் உண்டு; காது கொடுத்தால் எங்கேயும் கேட்கலாம். "அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது பாருங்க." "வாங்கறது ஒரு தடவை." "இப்ப வாங்கறது முட்டாள்தனம், அடுத்த மாடல் வரப்போகுது." அடுத்த மாடல் வந்த அன்று: "முதல் தடவை வர்றதுல எப்பவும் கோளாறு இருக்கும், கொஞ்ச நாள் போகட்டும்." கொஞ்ச நாள் போன பிறகு: "இப்ப வாங்கறது முட்டாள்தனம்."

நாள் முழுக்க வீடியோ. அந்த வீடியோக்களில் மனிதர்களுக்கு முகம் கிடையாது. மேசையும் இரண்டு கையும்தான். யாரோ ஒருவரின் கைகள் குமிழைத் திருக, இங்கே இவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். தன் விரலால் ஒரு தடவைகூடத் தொடாத பெட்டியின் ஒவ்வொரு குமிழும் அவருக்கு மனப்பாடம். இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்து, சந்தேகம் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் எழுத ஆரம்பித்தார். பதில்கள் அவ்வளவு தெளிவு! எங்கோ இருந்து ஒருவர் போன் செய்து நன்றி சொன்னதை நானே பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"நீங்க சொன்னதைத்தான் சார் வாங்கினேன். வேற யோசனையே பண்ணலை. பிரமாதமா இருக்கு! ஆமா, உங்ககிட்ட எது சார் இருக்கு?"

"நான் வெயிட் பண்றேன்" என்றார் இவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இதற்கிடையே வீட்டில் ஓர் அறையை ஒழித்தாகிவிட்டது. சுவரில் எதிரொலி வராமல் இருக்கக் கறுப்புப் பஞ்சு அட்டை ஒட்டினார். மேசை வந்தது. மேசைமேல் இரண்டு ஸ்பீக்கர் வந்தது. மூன்றில் எது வந்தாலும் பொருந்துகிற மாதிரி மூன்று வகை கேபிள் வந்தது. பெட்டியை வைக்க ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்கு ரப்பர் கால், தூசி படாமல் மூட ஒரு துணி. துணியை விரித்து, ஒன்றுமில்லாத ஸ்டாண்டின்மேல் அழகாகப் போர்த்தி வைத்திருந்தார். எல்லாம் வந்த பிறகு பழைய கீபோர்டு மட்டும் அந்த அறையில் ஏழைச் சொந்தக்காரர் மாதிரி ஒரு மூலையில் நின்றது.

அதைப் பார்த்தவர் மனைவியின் தங்கை. அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கை சரியாக வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை.

"மாமா, இது சும்மாதானே கிடக்கு? எனக்குக் குடுங்களேன். என்கிட்ட வர்றவங்களுக்கு விரலை அசைக்க வைக்க ரொம்ப உதவியா இருக்கும். பந்தை அழுத்துன்னா அலுத்துக்கறாங்க. பாட்டு வாசின்னா சிரிச்சுக்கிட்டே வாசிப்பாங்க."

"எடுத்துக்கிட்டுப் போம்மா. இடத்தை அடைக்குது" என்றார் இவர்.

இப்படியாக, இசைக்கு வேண்டிய சகலமும் இருந்து, இசைக்கருவி மட்டும் இல்லாத ஓர் அறை எங்கள் கட்டடத்தில் உருவாயிற்று. அவர் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே ஒரு சத்தமும் வராது. பஞ்சு அட்டை நல்ல தரம் என்று மகிழ்ந்துகொள்வார்.

அந்த வருஷத்து நாடகம், அந்த அம்மாளின் சொந்த அலுவலகத்தைப் பற்றியது. தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு ஒரு வயதான பெண் தினமும் வந்து, காணாமல்போன குடையைப் பற்றி விசாரிக்கிறாள். அவள் குடையே தொலைக்கவில்லை; அந்தக் கவுண்டரில் இருக்கிறவன் ஒருவன்தான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுகிறான், அதற்காக வருகிறாள். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் தினமும் தேடிப்பார்க்கிறான். ஒரு நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கடைசிக் காட்சியில் அவன் யாருடையதோ ஒரு குடையை எடுத்து, கவுண்டர்மேல் விரித்து வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறான். அவ்வளவுதான். அதில் நான் தொலைந்த பல்செட்டைத் தேடி வருகிறவன்.

"ஏங்க, கடைசிக் காட்சியில வசனமே கிடையாது. அவன் குடையை விரிக்கிறான், போறான். அந்த இடத்துல நீங்கதான் பேசணும்" என்றார் மனைவி.

"போட்டுடலாம். மெஷின் வரட்டும்."

"மெஷின் எப்ப வரும்?"

"முடிவு பண்ணதும்."

"எப்ப முடிவு பண்ணுவீங்க?"

"அதான் ராத்திரி பகலா பார்த்துக்கிட்டே இருக்கேனே! நான் என்ன விளையாடிக்கிட்டா இருக்கேன்?"

"விளையாடினா பரவாயில்லைங்க" என்றார் அந்த அம்மாள். "நீங்க முன்னாடி விளையாடிக்கிட்டுத்தான் இருந்தீங்க. அப்ப வாரத்துக்கு ஒரு மெட்டு வந்தது."

அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கையில் போன், போனில் இரண்டு கைகள்.

ஒத்திகை தொடங்கி, பாதி கடந்து, நாடகத் தேதி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு, மனைவியே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்பிவிட்டார். "வீடியோல பார்த்தது போதும். கடைக்குப் போய்த் தொட்டுப் பாருங்க. எதையாவது ஒண்ணு வாங்கிட்டுத்தான் வர்றோம்." என் காரில்தான் போனோம். பெட்டி பின் சீட்டில் நீளமாக வைக்கும்படி இருக்குமா என்று போகும் வழியிலேயே அளந்து பார்த்துக்கொண்டார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பெரிய கடை. கிடார்கள் சுவரில் தொங்க, உள்ளே ஒரு மேடையில் மூன்று மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விற்பனையாளர் மெலிந்த, பொறுமையான மனிதர். கண்ணாடிக்கடைக்காரர் மெஷினைப் பார்த்த பார்வையிலேயே விற்பனையாளர் ஆளை எடைபோட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். "நிதானமா பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார்.

இவர் முதலாவதன் முன் நின்றார். ஒரு குமிழைத் திருகினார். கட்டையில் விரல் வைத்தார்.

எத்தனையோ மாதம் கழித்து அந்த விரல்கள் ஒரு கட்டையைத் தொடுகின்றன. தொட்டதும் அவை அவரைக் கேட்காமலே நடக்க ஆரம்பித்துவிட்டன. மெதுவாக ஒரு மெட்டு வந்தது. யாரையோ கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, வராது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை கூப்பிடுவதுபோல் ஒன்று. கிடார் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். விற்பனையாளர் ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார். அந்த அம்மாள் டிரம் பெட்டிகளின்மேல் சாய்ந்தபடி, மூச்சுவிட்டால் கலைந்துவிடும் என்பதுபோல் நின்றார்.

மெட்டு முடிந்தது.

"இதையே பேக் பண்ணட்டுமா சார்?" என்றார் விற்பனையாளர், மெல்லிய குரலில்.

"கட்டை திரும்ப மேல வரும்போது ஒரு சின்ன தட்டுற சத்தம் வருது, கேட்டீங்களா?" என்றார் எங்கள் ஆள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? இரண்டாவதை வாசித்தார், திரை கண்ணைக் கூசுகிறது. மூன்றாவதை வாசித்தார், விரல் இடிக்கிறது. மறுபடி முதலாவது. மறுபடி தட்டுகிற சத்தம். விற்பனையாளர் திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெறும் கையோடு திரும்பினோம். காரில் முன் சீட்டில் அவர், ஒரு கட்டையின் அடியில் பஞ்சு வைத்தால் அந்தச் சத்தம் போகுமா என்று என்னிடம் ஆராய்ந்துகொண்டே வந்தார். பின் சீட்டில் அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, மறந்துவிடக் கூடாது என்று, அந்த மெட்டைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அந்த அம்மாள் நேராகத் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார்.

தங்கைக்கு முறையாக வாசிக்கத் தெரியாது. ஆனால் நோயாளிகளோடு உட்கார்ந்து அவர்கள் விரலைப் பிடித்துப் பிடித்து வாசிக்க வைத்ததில், காதில் விழுந்ததைக் கட்டையில் தேடி எடுக்கப் பழகியிருந்தாள். அக்கா பாட, தங்கை தேட, அடுத்த ஒத்திகைக்கு அந்த மெட்டு பழைய கீபோர்டோடு வந்து சேர்ந்தது. புல்லாங்குழல் பொத்தானை அழுத்தி வாசித்தாள். செத்த கட்டை வரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில்தான் எங்கள் கவுண்டர்க்காரன் குடையை விரித்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படி அமைந்துவிட்டது.

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சார். கேட்டதும் அவருக்கே தெரிஞ்சுடும். தான் போட்ட மெட்டு தனக்குத் தெரியாமலா போகும்?" அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு நிற்பவர்கள் முகம் அப்படி இருக்கும்.

வீட்டில், "இசைக்கு வேற ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். "நல்லதாப் போச்சு, அவசரத்துல எதையும் வாங்க வேண்டாம்" என்று இவர் நிம்மதியாக மூச்சுவிட்டாராம். மூன்று வகையில் ஒரு வகை கேபிளைப் பெருந்தன்மையோடு இரவலும் கொடுத்தார்.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. என் பல்செட் வேலை இரண்டாவது காட்சியோடு முடிந்துவிட்டதால், முகத்துப் பவுடரைக்கூடத் துடைக்காமல் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், நான் நாடகம் பார்க்க வரவில்லை. அவரைப் பார்க்க வந்தேன்.

கடைசிக் காட்சி. கவுண்டர். ஒரே ஒரு விளக்கு. அவன் குடையைக் கையில் எடுக்கிறான். மெட்டு தொடங்குகிறது.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் இருந்து அவர் மனைவியும் இவரையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. இடைவெளி வந்தது, குடை விரிந்தது, எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் கைக்குட்டையைத் தேடினார். மறுபடி அந்தக் கூப்பிடும் குரல். விளக்கு அணைந்தது.

இருட்டில் இவர் என் காதோரம் குனிந்தார்.

"கவனிச்சீங்களா? அடியில கனமே இல்லை."

"என்ன?"

"சவுண்டு. என் பழைய கீபோர்டுதான் அது, உடனே கண்டுபிடிச்சுட்டேன். மெட்டு நல்லா இருக்கு சார், ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் வயிறு எரியுது. இப்படி ஒரு மெட்டைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியில வாசிச்சு வீணடிச்சுட்டாங்க."

கைதட்டல் நிற்கவே இல்லை. நான் தட்டவில்லை. தட்ட எனக்குக் கை வரவில்லை.

மேடைக்குப் பின்னால் போனோம். அந்த அம்மாள் விரித்த குடையை மடக்கிக்கொண்டிருந்தார். தங்கை கீபோர்டின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போக, மனைவி கணவரை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"எப்படி இருந்தது?"

"நாடகம் பிரமாதம். மெட்டும் நல்லா இருந்தது. டோன்தான் கொஞ்சம் மெலிசு." பிறகு உண்மையான ஆவலோடு, "மெட்டு யாரு போட்டது? மச்சினியா?" என்றார்.

தங்கை வயரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் குடையின் பட்டியைச் சுற்றி, பொத்தானைப் போட்டு, மேசைமேல் வைத்தார்.

"நீங்க."

"நானா?" சிரித்தார். "நான் எப்ப போட்டேன்?"

"கடையில. அந்த முதல் மெஷின்ல. பேக் பண்ணட்டுமான்னு அவர் கேட்டாரே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

சிரிப்பு முகத்தில் இருந்து போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மெட்டை வாய்க்குள் பாடிப்பார்த்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. திரும்ப முதலில் இருந்து பாடினார்; திரும்பவும் அதே இடத்தில் நின்றுவிட்டார். அப்போது மைத்துனிதான், "இப்படிப் போகும் மாமா" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.

"உனக்குக் கோபமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கோபம் இல்லைங்க. நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்." அந்த அம்மாள் மேசைமேல் இருந்த குடையை நேராக்கி வைத்தார். "நான் எழுதினதுக்குப் பக்கத்துல நீங்க வந்து நிப்பீங்கன்னு நினைச்சேன். வந்து நின்னுட்டீங்க. உங்களுக்குத்தான் தெரியலை."

அவருடைய வாழ்க்கையிலேயே, ஒரு கேள்விக்கு இரண்டு பதிலாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றாத தருணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கண்ணாடிக் கடையைத் திறக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது. "வண்டி எடுக்கறீங்களா சார்?" என்றார். போனோம். என் காரில் அவ்வளவு அமைதியாக அவர் வந்ததே கிடையாது. விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் போன தடவை போலவே ஸ்டூலைத் தேடினார்.

"மூணையும் ஆன் பண்ணி வைக்கட்டுமா சார்?"

"வேண்டாம். மூணுல எது பெட்டியோட தயாரா இருக்கு?"

விற்பனையாளருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே ஓடினார். மனம் மாறுவதற்குள் வந்துவிட வேண்டுமே! ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் எது என்று மேலே எழுதியிருந்ததைக்கூட முழுசாகப் படிக்கவில்லை. படித்திருந்தால் ஆபத்துதான்.

வீட்டுக்கு வந்து ஸ்டாண்டின்மேல் வைத்தார். அறைக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார். உள்ளே இருந்து மனைவியைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டாவது வரியை ஒரு தடவை பாடும்மா" என்றார். அந்த அம்மாள் அலுவலகத்துக்குக் கிளம்பியவர், தோளில் பையோடு வாசற்படியில் நின்றபடியே பாடினார். இவர் தேடித் தேடி வாசித்தார். தப்பாக வாசித்தார். மறுபடி வாசித்தார். அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு நான் என் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டேன். நாடகம் இரண்டாவது தடவை நடந்தபோது இசைக்கு அவரே உட்கார்ந்தார். தவறு, நின்றார். ஏனென்றால், ஆள் முழுசாகத் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லையே! வாசிக்கும்போது உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறார். சாய்வு உள்ளதா, இல்லாததா, சக்கரம் வேண்டுமா, வேண்டாமா என்று லிஃப்ட்டில் எனக்கு நிலவரம் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நின்றுகொண்டே வாரத்துக்கு ஒரு மெட்டு போட்டுவிடுகிறார். அது போதும் என்கிறார் அவர் மனைவி.

எல்லாம் சரி. இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவிட்டீர்கள். ஒரு மனிதர் தன் மெட்டைத் தொலைத்தது, ஒரு பெண் திரைக்குப் பின்னால் காத்து நின்றது எல்லாவற்றையும் பார்த்தீர்கள். இப்போது உண்மையைச் சொல்லுங்கள்: அதையெல்லாம் தாண்டி, அந்த மூன்றில் கடைசியில் அவர் எதைத்தான் வாங்கினார் என்று உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி துடிக்கிறதா இல்லையா? கனமான குரல் உள்ளதா, ஆயிரம் சத்தம் உள்ளதா, சின்னதா என்று தெரியாமல் தூக்கம் வராது போல இருக்கிறதா?

நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், "அடடா, அதையா வாங்கினார்? கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்பீர்கள்.